பட்டனை ஒளித்துவிட்டால் எளிமை ஆகிவிடுமா?

கிள்ளான் வாசகர் ஒருவர், 2025 செப்டம்பர் 8

அண்ணே, எங்கள் ஆபீசில் ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மீட்டிங்கிலும் பாஸ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சிம்பிளா இருக்கணும்." அதற்காக ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இப்போது முதல் திரையில் ஒரு படமும் ஒரு பட்டனும்தான் மிச்சம். வாடிக்கையாளர்கள் போன் பண்ணி, "போன மாத ரசீது எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள். எனக்கு என்னவோ இந்த எளிமை என்பதே டிசைனர்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த சாக்கு என்று படுகிறது. நீங்கள் பினாங்கில் இதே தொழிலில் இருப்பவர். ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா? பாஸ் சொல்வதை எப்படி எதிர்ப்பது என்றும் சொல்லுங்கள்.

செப்டம்பர் 9

பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டது உங்கள் பாஸ் மட்டும் இல்லை தம்பி. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, 1995 முதல் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. திரை என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. மவுசை மூலைக்குக் கொண்டுபோனால் அது எட்டிப் பார்க்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அடுத்த வருடமே 8.1-இல் பட்டன் திரும்பி வந்துவிட்டது. அதற்கும் முன்னால் ஆபீஸ் 2000-இல் ஒரு கூத்து நடந்தது. அதிகம் தொடாத மெனு வரிகள் தாமாகவே மறைந்துகொள்ளும். நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று எங்கே என்று தேட வேண்டும். 2007-இல் அந்த மெனுவையே தூக்கிப் போட்டுவிட்டு, கட்டளைகளை எல்லாம் மேலே பரப்பிவைத்த ரிப்பன் வந்தது. பார்க்க நெரிசல்தான், ஆனால் ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் இருக்கும்.

லாரி டெஸ்லர் என்று ஒருவர் இருந்தார். நாம் தினமும் செய்யும் கட், காப்பி, பேஸ்ட்டை ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர். பிறகு ஆப்பிளில் இருந்தார், 2020-இல் காலமானார். அவர் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். எந்த வேலைக்கும் அதற்கே உரிய சிக்கல் கொஞ்சம் உண்டு. அதற்குக் கீழே குறைக்க முடியாது. யார் தலையில் கட்டுவது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

உங்கள் ரசீது விஷயமும் இதுதான். பட்டன் போனது, ரசீது தேடும் வேலை போகவில்லை. முதலில் அது வாடிக்கையாளர் தலையில் ஏறியது, அங்கிருந்து உங்கள் ஆபீஸ் டெலிபோனுக்கு வந்துவிட்டது. எதை எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது செய்துகொண்டிருந்த வேலையை நாளைக்கு யார் செய்வார்? "நம் சர்வர் செய்யும்" என்றால் தாராளமாக எடுங்கள். "பயனர் பார்த்துக்கொள்வார்" என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

அதே நாள், இரவு

பாஸை எதிர்ப்பது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. எதிர்க்காதீர்கள், சம்பளம் அவர்தான் போடுகிறார். ரசீது கேட்டு வரும் போனை ஒரு நாள் முழுக்க அவர் மேசைக்குத் திருப்பிவிடுங்கள். போதும்.

செப்டம்பர் 12

"தியரி எல்லாம் சரி, நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையாக இருப்பதால் கோவில் கதையையே சொல்கிறேன்.

இங்கே ஒரு கோவிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் கவுண்டருக்கு டேப்லெட்டில் ஒரு செயலி கேட்டார்கள். அதுவரை கார்பன் வைத்த புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டி கொடுத்த பட்டியலில் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம், போன் நம்பர், ஐசி நம்பர், வீட்டு முகவரி, இமெயில் எல்லாம் இருந்தன. அர்ச்சனைக்கு இமெயில் எதற்கு என்று கேட்டேன். "டேட்டா இருந்தா பின்னால உதவும்" என்றார் ஒருவர். எதற்கு உதவும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கேட்டபடியே ஒரு மாதிரியைக் கட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவுண்டரில் வைத்தோம். வரிசை செருப்பு வைக்கும் இடம் வரை போய்விட்டது. கவுண்டரில் இருந்த அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு டேப்லெட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பழைய புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை.

அப்புறம் போய் சந்நிதி ஓரமாக உட்கார்ந்து குருக்கள் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். அவர் வாசிப்பது மூன்றுதான்: பெயர், நட்சத்திரம், ராசி. கோத்திரம் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் நேரில் சொல்லிவிடுகிறார்கள். மற்றதை எல்லாம் எடுத்துவிட்டோம். கமிட்டி ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் பேச்சு இல்லை, அந்த வரிசை.

இனிமேல்தான் விஷயமே. நட்சத்திரம் 27, ராசி 12. இரண்டையும் தனித்தனியாகத் தேர்வு செய்ய விட்டால் 324 சேர்க்கை வரும். அதில் சரியானது 36 மட்டுமே. ஒரு ராசிக்கு இரண்டேகால் நட்சத்திரம் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. பதினெட்டு நட்சத்திரங்கள் முழுசாக ஒரே ராசிக்குள் அடங்கிவிடும். ரோகிணி என்றால் ரிஷபம், பூசம் என்றால் கடகம், பேச்சே இல்லை. மீதி ஒன்பது இரண்டு ராசிகளில் கால் வைத்து நிற்பவை: கார்த்திகை, மிருகசீரிஷம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. ஆகவே அக்கா நட்சத்திரத்தைத் தொட்டதும் பதினெட்டுக்கு ராசி தானாக விழுந்துவிடும். ஒன்பதுக்கு மட்டும் இரண்டு பட்டன்கள் வரும். கார்த்திகை என்றால் மேஷமா ரிஷபமா, அவ்வளவுதான் கேள்வி. ஒரு திரை குறைந்தது. தப்பான சீட்டு அச்சாகவே வழியில்லை.

அந்த 36-ஐயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அட்டவணையாக அடிக்க வேண்டும், சரி பார்க்க வேண்டும். அதை நாங்கள் செய்தோம். டெஸ்லர் சொன்ன சுமை வந்து இறங்கிய இடம் அதுதான்.

நட்சத்திரம் தெரியாதவர்களும் வருவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுவார்கள், வரிசை நிற்கும். அவர்களுக்காக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய பட்டன்: "சாமி பேருக்கு". அந்தத் திரையிலேயே அதிகம் தேய்ந்த பட்டன் அதுவாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 13

ஒருவர் கேட்கிறார்: 27 நட்சத்திரத்தையும் ஒரே திரையில் கொட்டினால் அது எளிமையா, ஹிக்ஸ் விதி என்னாவது?

1952-இல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சொன்னது அது. தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும். சரிதான். ஆனால் அது மடக்கைக் கணக்கில் கூடுகிறது, நேர்க்கோட்டில் இல்லை. பத்தை இருபதாக்கினால் நேரம் இரண்டு மடங்காகாது. அதைவிட முக்கியம், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இது பெரிதாகப் பொருந்தாது.

என்னோடு வேலை செய்த சீன நண்பர் பட்டியலை முதலில் அகர வரிசையில் அடுக்கிவைத்தார். புரோகிராமர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். அசுவினிக்கு அடுத்து அவிட்டம் வந்து நின்றது. அக்கா பரணியைத் தேடித் தேடித் திணறினார். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று பஞ்சாங்க வரிசைக்கு மாற்றினோம். ஒரு பட்டன்கூடக் குறையவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் விரல் திரையைத் தேடவே இல்லை. சின்ன வயதிலிருந்து வாய்ப்பாடு மாதிரி மனதில் ஓடுகிற வரிசை அது.

நண்பர் இப்போது யாரைப் பார்த்தாலும் "நீங்கள் என்ன நட்சத்திரம்?" என்கிறார். பினாங்குச் சீனர் ஒருவர் அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 16

மலேசியா தினம், விடுமுறை. மாமாக் கடையில் பசியாறிக்கொண்டே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் இந்தக் கல்லா மேசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இ-வாலட்டுக்கும் ஒரு கியூஆர் அட்டை, நீலம், சிவப்பு, பச்சை என்று வரிசையாக நிற்கும். நம் கைப்பேசியில் இருப்பது எது, அதன் அட்டை எங்கே என்று தேட வேண்டும். 2019-இல் வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றித் தரும் பேநெட் நிறுவனம் டூயிட்நவ் கியூஆரைக் கொண்டுவந்தது. எந்த வங்கியாக இருந்தாலும், எந்த வாலட்டாக இருந்தாலும் ஒரே கியூஆர். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் நடந்த பெரிய எளிமை வேலைகளில் அது ஒன்று. அதில் திரை டிசைன் என்று சொல்ல ஒன்றுமே இல்லை பாருங்கள். வங்கிகளும் வாலட் கம்பெனிகளும் ஒரு தரத்துக்கு ஒத்துவந்து, பின்னால் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். ரொட்டி சானாய் சாப்பிட வந்தவனுக்கு அந்தத் தலைவலி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒட்டுக் காகிதக் கியூஆரில் இன்னும் கொஞ்சம் வேலை நம்மிடமே இருக்கிறது. தொகையை நாம்தான் அடிக்க வேண்டும். 4.80-க்குப் பதில் 48 வெள்ளி அடித்தால் அடித்ததுதான். அப்புறம் திரையைத் தூக்கிக் கல்லாக்காரரிடம் காட்ட வேண்டும், அவர் பாதிக் கண்ணால் பார்த்துத் தலையாட்டுவார். இப்போது சில கடைகளில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி இருக்கிறது. அவர் மாவு வீசிக்கொண்டே காதால் கணக்குப் பார்க்கிறார். அந்தப் பெட்டிக்குத் திரையே கிடையாது. போன சில வருடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த டிசைன் அது.

2020-இல் கோவிட் காலத்தில் வந்த மைசெஜாத்ரா செயலியை இங்கே மறக்கக் கூடாது. கடைக்குக் கடை ஸ்கேன் பண்ணிப் பண்ணி நம் பாட்டிமார்கூட கேமராவை நீட்டப் பழகிவிட்டார்கள். டூயிட்நவ் கியூஆர் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஒரு பொருள் எளிதாக இருப்பதில் பாதி, அதற்கு முன்னால் நாம் எதைப் பழகியிருக்கிறோம் என்பது.

சாயங்காலம், சேர்த்தது

செயலி இல்லாத எளிமைக்கு இன்னொரு உதாரணம் பினாங்குக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தில் டோல் ஒரு பக்கம்தான். அக்கரையில் உள்ள பெராயிலிருந்து தீவுக்கு வரும்போது கட்ட வேண்டும், திரும்பிப் போகும்போது ஒன்றும் இல்லை. பழைய ஃபெர்ரியும் அப்படியே, பட்டர்வொர்த்தில் ஏறும்போது காசு, இந்தப் பக்கம் ஏறினால் இலவசம். தீவுக்கு வந்தவர் எப்படியும் திரும்பித்தான் ஆக வேண்டும். பாலத்தில் வந்து ஃபெர்ரியில் போனாலும் கணக்கு சரியாகிவிடும். பாதிச் சாவடி, பாதி வரிசை மிச்சம். இதை யோசித்தவர் இன்றைக்கு இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வேன், அதாவது அவர் வருவதாக இருந்தால்.

செப்டம்பர் 17

ஜாம் ஆய்வைக் காட்டி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பொதுவாக எல்லோரும் காட்டுவதுதான், ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்டது. கடையில் 24 ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் அவர்களில் 3 சதவீதம். 6 ஜாம் வைத்தபோது 30 சதவீதம் வாங்கினார்கள். இதைக் கேட்டால் யாருக்கும் மெனுவில் பாதியை வெட்டத் தோன்றும்.

ஆனால் 2010-இல் மூன்று ஆய்வாளர்கள் அதே மாதிரியான ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. சில இடங்களில் தேர்வு கூடினால் ஆள் திணறுகிறார், சில இடங்களில் மகிழ்ச்சியாக வாங்குகிறார். ஆக, ஜாமைக் காட்டி யாராவது உங்கள் பட்டனை வெட்ட வந்தால், நம் வாடிக்கையாளர் ஜாம் வாங்க வந்தவரா என்று கேளுங்கள்.

செப்டம்பர் 20

புரட்டாசி முதல் சனி. வீட்டில் சைவம். ஆகவே இறைச்சிக் குழம்போடு வரும் நாசி கண்டார் சோற்றைப் பற்றி நினைக்கத்தான் முடியும்.

எளிமை புதியவருக்கா, பழகியவருக்கா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். நாசி கண்டார் கடையில் மெனு அட்டை கிடையாது. எல்லாம் கண்ணெதிரே தட்டில் இருக்கிறது, விரலை நீட்டினால் போதும். நேற்று விமானத்தில் இறங்கியவரும் பட்டினி கிடக்க மாட்டார். அதே வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரர் "பஞ்சிர்" என்று ஒரு சொல் சொல்வார். குழம்புகள் எல்லாம் கலந்து சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிடுவார்கள். பலகையில் எழுதிவைக்கவில்லை, தெரியாதவருக்கு நஷ்டமும் இல்லை. புதியவருக்குத் திறந்த கதவு, பழகியவருக்குக் குறுக்குவழி, இரண்டும் ஒரே கவுண்டரில். நம் செயலிகள் பெரும்பாலும் இதில் ஒன்றைத்தான் செய்கின்றன.

தமிழ் 99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழக அரசு தரமாக அறிவித்தது. 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியாது. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய் என்று பிரித்து, மீதியை மென்பொருளே கூட்டிக்கொள்கிறது. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நான்கே தட்டல். இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. தமிழில் எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற இலக்கணம் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஐந்து தட்டல். ஆனால் முதல் நாள் தமிழ் 99-ஐத் திறந்தவர் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவார், ஆங்கில ஒலிப்புமுறை எடுத்த எடுப்பிலேயே ஓடும். எது எளிமை? மாதம் ஒரு முறை வாழ்த்து அனுப்புகிறவருக்கு ஒன்று, தினமும் பக்கம் பக்கமாக அடிக்கிறவருக்கு இன்னொன்று. கவுண்டர் அக்கா தமிழ் 99. நான் அவரைப் பார்த்துத்தான் மாறினேன், மாறிய புதிதில் தினமும் சபித்தேன்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. முரசு அஞ்சலைச் செய்த முத்து நெடுமாறன் மலேசியர். அவருடைய செல்லினம் 2005-இல் வந்தது, ஐபோன் வருவதற்கும் முன்னால். விசையும் திரையும் சின்னதாக இருந்த அந்தக் காலக் கைப்பேசியில் தமிழை அடக்கியது எப்படிப்பட்ட வேலை என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியுமா தெரியவில்லை.

செப்டம்பர் 22

"அப்படியானால் எதையுமே குறைக்கக் கூடாது என்கிறீர்களா?" என்று கிள்ளான் தம்பி மறுபடியும். இல்லை. இன்ஸ்டாகிராம் முதலில் பர்பன் என்ற செயலி. எங்கே இருக்கிறோம் என்று பதிவது, திட்டம் போடுவது, படம் போடுவது என்று பலதும் இருந்தது. ஜனங்கள் தொட்டது படத்தை மட்டும். மற்றதை எல்லாம் கழற்றிவிட்டு 2010 அக்டோபரில் வெளியிட்டார்கள், முதல் நாளே 25,000 பேர். அவர்கள் வெட்டியது யாரும் செய்யாத வேலையை. உங்கள் ஆபீசில் வெட்டியது எல்லோரும் செய்த வேலையை.

ஐபோனும் 2007-இல் காப்பி பேஸ்ட் இல்லாமல்தான் வந்தது. 2009 வரை இல்லை. டெஸ்லர் பல வருடம் இருந்த கம்பெனி! பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மற்றது அவ்வளவு நன்றாக இருந்தது. நம் செயலிக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

செப்டம்பர் 27

தீபாவளி நெருங்குகிறது, லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லை. அங்கே ஒரு துணிக்கடை அண்ணன் போன வருடம் என்னிடம் வந்து செயலி கேட்டார். ஏன் என்றேன். "பக்கத்துக் கடைக்காரன் வச்சிருக்கான்." அவருடைய வாடிக்கையாளர் அத்தனை பேரும் வாட்சாப்பில் இருக்கிறார்கள். புதிதாக ஒன்றை இறக்கி, பாஸ்வேர்ட் வைத்து, அதை மறந்து, மறுபடி வைத்து, ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுக்க எந்த அம்மாவுக்குப் பொறுமை இருக்கும்? செயலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் எனக்கு வருமானம் குறைவு.

ஆனால் பிறகு கடையில் நின்று பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. வாடிக்கையாளருக்கு எளிமையோ எளிமை. புடவையைப் படம் எடுத்து அனுப்பி, ஒரு நிமிடத்துக்குக் குரல் பதிவு: "தங்கச்சி, போன தடவை தச்ச மாதிரி, ஆனா கை கொஞ்சம் இறக்கமா, ஐயோ குக்கர் விசில் அடிக்குது இரு." அதை எல்லாம் காதில் வைத்துக் கேட்டு, பள்ளிக்கூட நோட்டில் எழுதுவது கல்லாவில் இருக்கும் பெண். மாலைக்குள் அவருக்குக் காது வலி. சுமை முழுக்க ஒரு சின்னப் பெண் தலையில்.

கடைசியில் செய்தது ஒரே ஒரு பக்கம். அளவு பழையதா புதியதா, கை நீளம், எந்தத் தேதிக்கு வேண்டும், கடைக்கு வருவீர்களா தபாலா. நிரப்பி ஒரு பட்டனைத் தட்டினால் அது ஒரு வாட்சாப் செய்தியாகக் கடைக்கு வந்து நிற்கும். குரல் பதிவு இன்னும் வருகிறது, குறைந்திருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் மனக்குறை தீரவில்லை. "இதுல நம்ம லோகோ எங்க வரும்?" என்கிறார்.

அக்டோபர் 3

நவராத்திரி முடிந்துவிட்டது. கவுண்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கோவில் கதையில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு, இப்போது சொல்கிறேன்.

வாராவாரம் வருகிறவர்களுக்கு ஒரு வசதி வைத்தோம். விரும்பினால் போன் நம்பர் கொடுக்கலாம், அடுத்த முறை நம்பரைச் சொன்னதும் குடும்பம் முழுக்கத் திரையில் வரும், வேண்டியவரைத் தொட்டால் சீட்டு. கூட்டம் சந்தோஷப்பட்டது. ஒரு அம்மா மட்டும் அக்காவிடம் மெதுவாக வந்து, "என் மகள் நட்சத்திரத்தை வரிசையில நிக்கிறவங்க எல்லாம் பார்க்கிறாங்களே" என்றாராம். நியாயம்தானே. பெண்ணின் பெயரும் நட்சத்திரமும் நாலு பேர் கண்ணில் பட்டால் அடுத்த வாரம் ஜாதகம் கேட்டு ஆள் வந்துவிடும் ஊர் இது. இப்போது திரையில் பெயர் மட்டும், நட்சத்திரம் சீட்டில். ஒரு தட்டலும் கூடவில்லை. சுலபமாக்கும்போது யாருடைய ரகசியம் வெளியே வருகிறது என்பதையும் என் கேள்வியோடு சேர்த்துக்கொண்டேன்.

இன்னொரு ஆள் குருக்கள். அவர் டேப்லெட்டைத் தொட்டதே இல்லை. அவருக்குச் செயலி என்பது அந்தச் சீட்டுதான். அதைத் தீப வெளிச்சத்தில், ஒரு கையில் பூவோடு வாசிக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கினோம், கோவில் முகவரியையும் "மீண்டும் வருக"வையும் அடியில் தள்ளினோம். திரையில் மாதக்கணக்கில் செய்த எதற்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதற்கு "இப்ப பரவாயில்லை" என்றார்.

பட்டன் அளவு கேட்டவருக்கு: ஆப்பிள் சொல்வது 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி, 2023-இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டி குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது. விபூதி படிந்த விரலுக்கு நான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வைப்பேன். தமிழ் எழுத்து போடுகிற பட்டனில் உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் "கீ"யின் மேல்சுழி மேலே வெட்டுப்படும், "மு"வின் சுழி கீழே. மலேசியச் செயலிகளில் நான்கு மொழி போடும்போது கடைசியாகச் சோதிப்பது தமிழைத்தான் என்பது அந்த வெட்டுப்பட்ட சுழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அக்டோபர் 5

கைப்பேசியில் பட்டன் இல்லாமல் தவிக்கும் பெற்றோரைப் பற்றிப் பல பேர் எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனை எடுத்தது, 2019-இல் ஆண்ட்ராய்டு 10 முழுக்க விரலை இழுக்கும் முறையைக் கொண்டுவந்தது. திரையின் அடியில் ஒரு மெல்லிய கோடு இருக்கும், அதை எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஒன்றும் கிடையாது. என் அம்மா புதுக் கைப்பேசியில் ஒரு வீடியோவுக்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல், பேட்டரி தீரட்டும் என்று மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

பழைய மூன்று பட்டனைத் திரும்பக் கொண்டுவரலாம். சுத்தமான ஆண்ட்ராய்டில்: செட்டிங்ஸ், சிஸ்டம், ஜெஸ்சர்ஸ், நேவிகேஷன் மோட், அங்கே மூன்று பட்டன். சாம்சங் என்றால்: செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார். ஐபோனில் அப்படி இல்லை, அசெசிபிலிட்டிக்குள் டச் என்பதில் அசிஸ்டிவ் டச்சைப் போட்டால் ஒரு வட்டம் திரையில் மிதக்கும், ஹோமுக்கு அதைத் தொடலாம். பட்டன் வேண்டும் என்று சொல்ல இத்தனை கதவு திறக்க வேண்டியிருப்பதைப் பற்றி இந்த இழையில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெற்றோருக்கு நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.